‘அங்கன நிக்கான்’னா எங்கல? - பிஜிஎம்ஐ, வேலரண்டில் உங்கள் ஆட்டம் மேம்பட என்ன வழி?

இரவு பத்து மணிக்கு லாபியில் நான்கு பேர் சேர்கிறார்கள். ஒருவர் பாளையங்கோட்டையில், ஒருவர் அம்பாசமுத்திரத்தில், ஒருவர் சென்னை ஓ.எம்.ஆரில், இன்னொருவர் பெங்களூருவில். ஒன்றாகப் படித்தவர்கள், வேலை நாலு திசைக்கு அனுப்பிவிட்டது. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்கு வந்தால்தான் நேரில் பார்க்க முடியும். மற்ற நாட்களில் நால்வரும் சேர்ந்து சிரிக்க மிச்சமிருக்கும் இடம் இந்த ஒரு மணி நேர ஆட்டம்தான். நெல்லைப் பக்கத்து இளைஞர்கள் பலரிடம் இப்படி ஒரு ‘ஸ்குவாட்’ இருக்கும்.

“ஏல, அங்கன நிக்கான்!”

“எங்கல?”

“அங்கனதாம்ல, மரத்துக்குப் பொறத்தால!”

எந்த மரம் என்று கேட்பதற்குள் இரண்டு பேர் காலி. தோற்பதுகூட பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகு “உன்னாலதாம்ல போச்சு” என்று ஆரம்பிக்கும் பேச்சுதான் வினை. நாலு நாள் இப்படியே போனால் ஒருவர் “இன்னிக்கு தூக்கம் வருது மக்கா” என்பார். ஒரு மாதத்தில் லாபியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

சரி, இந்த அணி ஆட்டங்களில் தனி ஒருவரின் ஆட்டம் மேம்பட என்ன செய்யணும்? புது போன் வாங்கணுமா? பிரபல யூடியூபரின் சென்சிடிவிட்டியைக் காப்பி அடிக்கணுமா? இரண்டுக்கும் முன்னால் சரிசெய்ய வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை.

எத்தனை கில் என்பது பாதிக் கணக்குதான்

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது கில் எண்ணிக்கையை. ஆனால் பிஜிஎம்ஐ தொழில்முறைப் போட்டிகளின் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். ஒரு மேட்ச்சில் 16 அணிகள், அணிக்கு 4 பேர். கடைசிவரை நிற்கும் அணிக்கு 10 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 6, மூன்றாம் இடத்துக்கு 5, பிறகு 4, 3, 2. ஏழாம், எட்டாம் இடங்களுக்குத் தலா 1. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஃபினிஷுக்கும் 1 புள்ளி.

அதாவது 10 பேரை வீழ்த்திவிட்டு ஒன்பதாவது இடத்தில் வெளியேறும் அணியும், ஒருவரைக்கூட வீழ்த்தாமல் முதலிடம் பிடிக்கும் அணியும் சமம். இரண்டையும் சேர்த்துச் செய்யும் அணிதான் கோப்பை வாங்கும். அதற்கு மேட்ச்சின் கடைசிக் கட்டத்தில் நாலு பேரும் உயிரோடு இருக்கணும்.

வேலரண்டில் 5 பேருக்கு 5 பேர். ஒரு ரவுண்ட் 100 நொடி. முதல் 10 நொடியில் ஒருவரை வீழ்த்தி, உடனே தானும் விழுகிறவரின் கணக்கு 1-1. பார்க்க மோசமில்லை. ஆனால் அவர் விழுந்த இடம் வழியாக எதிரணி உள்ளே வந்துவிட்டால் அந்த ஒரு கில்லுக்கு அணி கொடுத்த விலை ஒரு ரவுண்ட்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி “நான் எத்தனை பேரை அடித்தேன்?” மட்டுமில்லை. “நான் விழுந்தபோது அணிக்கு என்ன கிடைத்தது?” என்பதையும் கேட்கணும்.

தனித்தனியாகப் போனால் என்ன ஆகும்? ஒரு நூற்றாண்டுக் கணக்கு

ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்பவர் இங்கிலாந்துப் பொறியாளர், கார் தயாரித்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் ஒரு கணக்கு போட்டார். எல்லோரும் எல்லோரையும் சுடக்கூடிய சண்டையில் ஒரு படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார். இரண்டு பேர் ஒருவனுக்கு எதிராக நின்றால் பலம் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு.

இதை நம்ம ஸ்குவாடுக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டுப் பேருக்கும் ஒரே திறமை என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கு நாலு என்றால் 16-க்கு 16. சமம். நம்மில் ஒருவர் முன்கூட்டியே தனியாகப் போய் விழுந்துவிட்டால் 16-க்கு 9. மிச்சம் இருக்கும் மூவரையும் முடித்த பிறகும் எதிரணியில் சராசரியாக இரண்டரைப் பேருக்கு மேல் நிற்பார்கள்.

இன்னும் மோசமானது, நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போவது. அப்போது நம் பலம் 1+1+1+1, மொத்தம் 4. எதிரில் 16. கணக்குப்படி எதிரணி இழப்பது அரை ஆள்தான்! அதே நாலு பேர், அதே துப்பாக்கி, அதே குறி. போன விதம் மட்டும்தான் மாறியது.

நிஜ ஆட்டத்தில் சுவர் இருக்கிறது, புகை இருக்கிறது, திறமை வித்தியாசம் இருக்கிறது. கணக்கு அப்படியே பலிக்காது. ஆனால் திசை சரி. ‘ரஷ்’ போகும் முன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: நான் விழுந்தால், என்னை அடித்தவனை அடுத்த சில நொடிகளுக்குள் அடிக்கிற இடத்தில் நம்ம ஆள் யாராவது இருக்கிறாரா? இருந்தால் போங்கள். இல்லையென்றால் மூணு நொடி பொறுங்கள். விளையாடுபவர்கள் இதை ‘டிரேட்’ என்பார்கள். தோழரிடமிருந்து நூறு மீட்டர் தள்ளி லூட் எடுத்துக்கொண்டிருந்தால் டிரேட் நடக்காது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசா?

தாமிரபரணிக் கரையில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தூத்துக்குடி மாவட்டம் மணத்தியிலிருந்து போய், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர் மணத்தி கணேசன். ‘பைசன்’ படத்துக்குப் பிறகு அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர் ஆடிய ஆட்டத்தின் விதியையே பாருங்கள்.

அணிக்கு ஏழு பேர். ரைடர் 30 நொடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்பணும். தடுப்பவர்கள் இரண்டு இரண்டு பேராகக் கை கோர்த்து நிற்கிறார்கள். கார்னரில் நிற்பவர் காலைப் பிடித்தால் கவரில் நிற்பவர் அடுத்த கணமே மேலே விழுவார். அவர் அரை நொடி தாமதித்தால், பிடித்தவர் அவுட், ரைடருக்குப் புள்ளி. தனியாக ஒருவர் பாய்ந்து பிடித்தால் கைதட்டல் கிடைக்கும். பல முறை ரைடர் தப்பித்தும் போய்விடுவார் என்பது களத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று: கபடியில் நம் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால் வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வருவார். பிஜிஎம்ஐயில் நாக் ஆனவரை ரிவைவ் செய்வதும் அதே வேலைதான். ஆள் எண்ணிக்கையைச் சமமாக்குவது. எதிரியின் பெட்டியில் லெவல் 3 ஹெல்மெட் கிடக்கிறதே என்று ஓடுவதற்கு முன், புகை போட்டு நம்ம ஆளைத் தூக்கிவிடுவது லாபம்.

பேசுவதும் ஒரு ஆயுதம்தான்

“அங்கன நிக்கான்” என்பதில் தகவல் எதுவும் இல்லை. கேட்பவரின் திரையில் ‘அங்கன’ வேறு இடம். ஆனால் ஒரு நல்ல விஷயம், திசை சொல்லும் பழக்கம் நம்ம பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஆறு. வழி கேட்டால் “வலது, இடது” என்று சொல்லாமல் “மேக்க போயி தெக்க திரும்புங்க” என்று சொல்லும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம்.

பிஜிஎம்ஐ திரையின் மேலே ஓடும் திசைகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. ‘என் வலது பக்கம்’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். ‘கெழக்க 90’ என்பது பக்கத்தில் நிற்கும் நாலு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நல்ல தகவலில் நாலு விஷயம் இருக்கும்: எத்தனை பேர், எந்தத் திசை, என்ன அடையாளம், என்ன நிலைமை. “ரெண்டு பேரு, கெழக்க 90, சிவப்பு வீட்டு மொட்டை மாடி, ஒருத்தனுக்கு அடி பட்டிருக்கு.” மூன்று நொடியில் சொல்லிவிடலாம். வேலரண்டில் திசைகாட்டி கிடையாது. ஆனால் மேப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் உண்டு. முதல் வாரம் அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வது, ஒரு வாரம் குறி பழகுவதைவிடப் பலன் தரும்.

அவுட் ஆனவருக்கும் வேலை இருக்கிறது. எங்கிருந்து அடி வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மைக்கை அணைப்பது. கடைசியாக ஒருவர் தனியாக நிற்கும்போது அவருக்கு எதிரியின் காலடிச் சத்தம் கேட்கணும். “அய்யோ, பின்னால பாருல, பின்னால பாருல” என்று மூன்று பேர் கத்தினால் அது கேட்காது. ஏன் தோற்றோம் என்ற விசாரணையை மேட்ச் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குறி: கை வேகத்தைவிட, குறி காத்திருக்கும் இடம்

கண்ணால் பார்த்து விரல் அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி செகண்ட் ஆகும். இதைப் பயிற்சியால் பெரிதாகக் குறைக்க முடியாது. ஆனால் பார்த்த பிறகு குறியை நகர்த்தும் நேரத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆக்கலாம். எப்படி? எதிரி எங்கே தோன்றுவாரோ அந்த மூலையில், தலை உயரத்தில் குறியை முன்கூட்டியே வைத்துக்கொண்டு நடப்பது. தரையைப் பார்த்து ஓடுகிறவர் எதிரியைக் கண்டதும் குறியை மேலே தூக்கணும், பக்கவாட்டில் நகர்த்தணும், நிறுத்தணும். அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

போன் திரையோடு ஒப்பிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு படம் காட்டும். 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9. வித்தியாசம் சுமார் 10 மில்லி செகண்ட். நல்லதுதான். ஆனால் குறி தவறான இடத்தில் இருப்பதால் போகும் நேரம் இதைப்போல் பல மடங்கு. முதலில் எதைச் சரிசெய்யணும் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

சென்சிடிவிட்டி விஷயத்தில் ஒரே விதி: ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் குறைந்தது இரண்டு வாரம் கை வைக்காதீர்கள். தினமும் மாற்றினால் விரலுக்கு எதுவும் பழகாது. இன்னொருவரின் அமைப்பு அவருடைய போன், அவருடைய விரல், அவர் கைரோஸ்கோப் பயன்படுத்தும் விதம் ஆகியவற்றுக்குப் பொருந்துவது.

நெட்டு: திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு

வேலரண்ட் சர்வர் மும்பையில் இருக்கிறது. நெல்லையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,250 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். போய்வர 2,500 கி.மீ., ஆக 12 முதல் 13 மில்லி செகண்ட். எவ்வளவு பணம் கட்டினாலும் பிங் இதற்குக் கீழே இறங்காது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல கருவிகள் உண்டு என்பதால் நிஜத்தில் கூடவே இருக்கும். சிங்கப்பூர் சர்வர் தேர்வாகியிருந்தால் தூரம் மட்டுமே சுமார் 30 மில்லி செகண்ட் சாப்பிடும். எனவே செட்டிங்ஸில் எந்த சர்வர் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிங் அதிகமாக இருப்பதைவிட அது நிலையில்லாமல் ஆடுவதுதான் பெரிய தொல்லை. ஜங்ஷனுக்குப் போகும் டவுன் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் திட்டமிட்டுக் கிளம்பலாம். அரை மணி நேரம் ஒன்றுமே வராமல், பிறகு மூணும் சேர்ந்தாப்புல வந்தால்? இதற்குத்தான் ‘ஜிட்டர்’ என்று பெயர். எதிரி திடீரென ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுவது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

* வைஃபையில் 2.4-க்குப் பதில் 5 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்துங்கள். ரூட்டர் இருக்கும் அறையிலேயே ஆடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் தடித்த சுவரைத் தாண்டச் சிரமப்படும். கம்ப்யூட்டர் என்றால் கேபிளே நல்லது.
* ஆட்டோ அப்டேட், போட்டோ பேக்கப் இரண்டையும் ஆட்ட நேரத்தில் நிறுத்துங்கள். அப்லோட் நடக்கும்போது பிங் எகிறும்.
* புளூடூத் இயர்போன் பலவற்றில் சத்தம் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதமாக வரும். காலடிச் சத்தத்தை நம்பி ஆடுபவருக்கு வயர் இயர்போனே போதும். செலவும் குறைவு.
* சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் போன் சூடானால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நடு மேட்ச்சில் படம் தடுமாறுவதற்கு இது முக்கியக் காரணம்.

பயிற்சி: நேரம் மட்டும் போதாது

திறமை வளர்வது பற்றி ஆராய்ந்த உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன், 1993-ல் வெளியான தன் கட்டுரையில் சொன்னது: ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது வேறு, ஒரு குறையை இலக்காக வைத்து, உடனுக்குடன் தப்பைப் பார்த்துத் திருத்துவது வேறு. தினமும் நாலு மணி நேரம் ஆடியும் ஒரே இடத்தில் நிற்பவர்கள் முதல் வகை.

வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: 15 நிமிடம் டிரெயினிங் கிரவுண்டிலோ டெத்மேட்ச்சிலோ குறி பழக, 40 நிமிடம் மேட்ச், 5 நிமிடம் நோட்டுப் போட. ஆமாம், நோட்டு. ஒவ்வொரு முறை அவுட் ஆகும்போதும் காரணத்தை இந்த நாலில் ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. தனியாக இருந்தேன், டிரேட் எடுக்க ஆளில்லை.
2. எதிரி அங்கே இருப்பது தெரியாது, தகவல் இல்லை.
3. இருவரும் பார்த்தோம், குறியில் தோற்றேன்.
4. நெட், போன், சத்தம்.

போன் திரையை ரெக்கார்ட் செய்துவைத்தால் இது இன்னும் சுலபம். இருபது முறை அவுட் ஆனதும் எண்ணிப் பாருங்கள். பலர் மூன்றாவதுதான் அதிகம் இருக்கும் என்று நினைத்துக் குறி பழகிக்கொண்டே இருப்பார்கள். முதல் இரண்டில் கணக்கு ஏறியிருந்தால், பழக வேண்டியது இடமும் பேச்சும்.

ரேங்க் ஏறவில்லையே!

செஸ் ரேட்டிங் தெரியுமில்லையா? அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த அந்த முறையை உலக செஸ் கூட்டமைப்பு 1970-ல் ஏற்றுக்கொண்டது. ஆன்லைன் ஆட்டங்களின் ஜோடி சேர்க்கும் முறைகள் பலவற்றுக்கும் அடிப்படை அதே யோசனைதான். நீங்கள் முன்னேறினால் எதிரியும் பலமானவராக வருவார். அதனால், சமமான இரு அணிகள் மோதும் ஆட்டங்களில் வெற்றி விகிதம் பாதியைச் சுற்றியே ஓடும். ஒரு வாரத் தோல்வியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆனால் வரிசையாக இரண்டு தோல்வி வந்தால் பத்து நிமிடம் எழுந்துவிடுங்கள். கோபத்தில் ஆடும் மூன்றாவது மேட்ச்சில்தான் தனியாக ரஷ் போவதும், நண்பனைத் திட்டுவதும் நடக்கும்.

தூக்கம், பணம், எல்லை

புதிதாகப் பழகிய விரல் வேலையை மூளை பதியவைக்கத் தூக்கம் உதவுகிறது. இரவு இரண்டு மணி வரை ஆடினால் அந்த உதவியைத் தொலைக்கிறோம். மறுநாள் அலுவலகம் வேறு.

தொழிலாக்கலாமா என்ற ஆசையும் பலருக்கு உண்டு. மத்திய அரசு 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அது பதக்கப் போட்டியானது. 2024-ல் ஹைதராபாத்தில் நடந்த பிஜிஎம்ஐ இந்தியா சீரிஸின் மொத்தப் பரிசு 2 கோடி ரூபாய். ஆனால் அந்த மேடையில் நின்றவை 16 அணிகள்தான். ஆட்டமே கைவிட்டுப் போகவும் செய்யும். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடையானது; அதன் இடத்தில் வந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. நம்பி வேலையை விட்டவருக்கு அந்தப் பத்து மாதம் சின்ன விஷயமில்லை.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸுக்கு அதே சட்டம் தனி இடம் தருகிறது. வாட்ஸ்அப் குழுவில் பணம் வசூலித்து நடத்தும் ‘ரூம்’ ஆட்டங்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஆட்டத்தை நிறுத்த நினைத்தும் முடியவில்லை, வேலையும் வீடும் பாதிக்கிறது என்றால், அது பல மாதங்களாகத் தொடர்ந்தால், உலக சுகாதார நிறுவனம் அதை நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. 14416 என்ற டெலி-மனஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை

முதலில், ஸ்குவாடில் ஒரு ஒப்பந்தம்: ‘அங்கன’, ‘இங்கன’ கிடையாது, திசையும் எண்ணும் மட்டும். இரண்டாவது, யாரும் தனியாக ரஷ் போவதில்லை. போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போகணும், கூட ஒருவர் வரணும். மூன்றாவது, அவரவர் 20 அவுட்டை அவரவர் நோட்டில் எழுதணும். அடுத்தவருடையதை எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாலு நோட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் எதைப் பழகணும் என்பது அதிலேயே இருக்கும். “உன்னாலதாம்ல” என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.